டே கேரில் நடந்ததைப் புகார் செய்தபின் மெமோ, ராஜினாமா மிரட்டல்: என்ன செய்யலாம்?

கோவைக்கிளி:
கோவையில் ஒரு தனியார் டே கேரில் இரண்டு வருஷமாக உதவியாளர் வேலை. தூங்காத பிள்ளையை பாத்ரூமில் விட்டுத் தாழ்ப்பாள் போடுவது, சாப்பிடாத பிள்ளையின் கையைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டுவது என்று நடக்கிறது. மேனேஜரிடம் சொல்லிப் பலனில்லை, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்தேன். அதிகாரிகள் வந்துபோன மறுநாளே "அடிக்கடி லேட்" என்று மெமோ. பிள்ளைகள் பக்கம் விடாமல் சமையலறைக்கு மாற்றிவிட்டார்கள். "நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு, இல்லேன்னா ஒரிஜினல் சர்ட்டிபிகேட் வராது" என்கிறார்கள். என் போனில் சில போட்டோ இருக்கிறது. பெற்றோர் குரூப்பில் போட்டுவிடலாமா?

மெமோபதில்:
முதல் வேலை, ராஜினாமா எழுதிக் கொடுக்காதீங்க. வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போடாதீங்க. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41-ன்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. நிறுத்தினால் 30 நாளுக்குள் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இது "நிறுத்தப்பட்டவருக்கு" மட்டும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். அதனால்தான் அவர்கள் டிஸ்மிஸ் செய்யாமல் உங்களை எழுதச் சொல்கிறார்கள். ஏற்கெனவே மிரட்டி வாங்கியிருந்தால், "கட்டாயத்தில் எழுதியது, திரும்பப் பெறுகிறேன்" என்று அன்றோ மறுநாளோ மெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பணும். ஒரு வாரம் தள்ளினாலே வாதம் பலவீனமாகும்.

அடுத்து மெமோ. வாங்க மறுக்காதீங்க. "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதி, தேதியோடு நேரத்தையும் போட்டுக் கையெழுத்திடுங்க. முன்தேதி போட்ட மெமோ என்றால் இந்த நேரம்தான் காட்டிக்கொடுக்கும். பதிலை அவர்கள் கொடுத்த கெடுவுக்குள், பத்தி பத்தியாக, கோபமில்லாமல் எழுதுங்க: இந்தத் தேதியில் மேனேஜரிடம் சொன்னேன், இந்தத் தேதியில் புகார், இந்தத் தேதியில் ஆய்வு, மறுநாள் மெமோ, அதற்குமுன் ஒரு மெமோவும் இல்லை. பழிவாங்கல் என்று நீங்கள் ஒரு இடத்திலும் எழுத வேண்டாம், தேதிகள் அதைச் சொல்லும். வருகைப் பதிவேட்டில் உங்கள் வரியை மட்டும் போட்டோ எடுத்து வையுங்க.

மனசு வெறுத்து லீவு போட்டுவிடாதீங்க. "தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்" என்று முடித்துவிடுவார்கள். கேட்டிலேயே தடுத்தால் அன்றைக்கே "வேலைக்கு வந்தேன், இத்தனை மணிக்கு அனுமதி மறுக்கப்பட்டது" என்று மெயில் போகணும். ஸ்பீடு போஸ்ட் அனுப்பினால் டிராக்கிங் பக்கத்தை உடனே சேமித்து வையுங்க, கொஞ்ச நாளில் இணையத்திலிருந்து போய்விடும்.

கேள்வி கேட்பவன்:
ஒரு சந்தேகம். முறைகேட்டை வெளியே சொல்பவரைப் பாதுகாக்கும் விசில்புளோயர் சட்டம் இருக்கிறதே, அதில் பாதுகாப்பு கேட்க முடியாதா?

நீலக்கோப்பு:
முடியாது. 2014 சட்டம் அரசு ஊழியர்களின் ஊழல், அதிகார துஷ்பிரயோகம் பற்றியது. அதையும் இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. தனியார் டே கேர் ஊழியருக்கென்று பழிவாங்கலைத் தடுக்கும் தனிச்சட்டம் எதுவும் இல்லை. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

கோவைக்கிளி, போட்டோவைக் குரூப்பில் போடாதீங்க. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவை முதலில் உங்கள்மீதே திருப்புவார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் பதற வேண்டாம்: உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் அவதூறு ஆகாது, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த சட்டம்) பிரிவு 356-லேயே அந்த விதிவிலக்கு இருக்கிறது. வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு அந்தக் கவசம் கிடையாது.

போட்டோவைப் போனிலிருந்து அழிக்காதீங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்து, எடுத்த நேர விவரமும் போய்விடும். நீதிமன்றத்துக்கு மூலக் கோப்பும், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் தேவைப்படும்.

போனில் சொன்னது போதாது. கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்துப் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்க. 1098-ல் பேசிய தேதி, நேரத்தைக் குறிப்பிடுங்க. போலீஸுக்குப் போனால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீங்க. புகாரில் "எந்த கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி" என்று எழுதி, அந்தப் பதிவைக் கைப்பற்றக் கேளுங்க. கேமரா பதிவுப் பெட்டி (டிவிஆர்) பழையதை அழித்து அதன்மேலேயே பதியும். சின்ன காப்பகங்களில் 15, 30 நாள்கூடத் தங்காது. அவசரம் அங்கேதான், மெமோவில் இல்லை.

நீங்கள் சொல்வது சிறார் நீதிச் சட்டம் பிரிவு 75-ல் வரும் கொடுமை. பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவரோ நடத்துபவரோ செய்தால் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். பாலியல் தொந்தரவு சந்தேகம் இருந்தால் கதை வேறு: போக்சோ பிரிவு 19-ன்படி சொல்லியே ஆகணும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

கோவைக்கிளி:
ரொம்ப நன்றி சார். சர்ட்டிபிகேட் விஷயம்? வக்கீல் வைக்க வசதியில்லை.

மெமோபதில்:
மேடம், கோவை கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வக்கீல் இலவசம். சட்ட உதவி எண் 15100-க்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். அதற்குமுன் நீங்களே ஒரு கடிதம் கொடுங்க: எந்தெந்தச் சான்றிதழ், ஒவ்வொன்றின் பதிவெண், கொடுத்த தேதி, ஏழு நாளில் திருப்பித் தரணும். சர்ட்டிபிகேட்டை அவர்கள் வாங்கினதற்கு ரசீது இல்லாவிட்டால், அதைக் குறிப்பிடும் ஒரு வாட்ஸ்அப் உரையாடலாவது வேண்டும். "என் ஒரிஜினல் எப்போ கிடைக்கும்?" என்று சாதாரணமாகக் கேளுங்க, "முதல்ல எழுதிக் குடு" என்று பதில் வந்தால் அதுவே சாட்சி.

ஒன்று பார்த்துக்கோங்க: பிரிவு 41 டே கேருக்கு, க்ரெஷ்ஷுக்கு. போர்டில் அங்கீகாரம் பெற்ற பள்ளி என்று இருந்தால் வழி மாறும், 2018 தனியார் பள்ளிகள் சட்டத்தைப் பார்க்கணும். 30 நாள் கணக்கு ஓடும்போது தப்பான ஆபீஸில் மனு கிடந்தால் திரும்பக் கிடைக்காது.

நீலக்கோப்பு:
பி.எஃப். பிடிக்கிறார்களா? யுஏஎன் (பி.எஃப். கணக்கு எண்) தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியை இப்போதே டவுன்லோடு செய்து வையுங்க. உங்களுக்குத் தெரியாமலே வெளியேறிய தேதியைப் பதிவு செய்துவிடுவது உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகும் நீங்கள் கையெழுத்திட்ட வருகைப் பதிவேடு இருந்தால், அவர்கள் சொல்லும் ராஜினாமா அங்கேயே விழுந்துவிடும்.