மறு: ஸ்கோப்புக்குத் தமிழ் – ‘வளவு’

அனைவருக்கும் வணக்கம். நிரலில் ஒரு மாறியின் (மதிப்பை வைத்திருக்கும் பெயரின்) பெயர் எந்தப் பகுதிக்குள் செல்லுபடியாகுமோ, அதுதான் ஸ்கோப். அதற்கு ‘வளவு’ என்று சொல்லலாம் என்ற யோசனைக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘வீச்சு’ புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பள்ளிக் கணக்கில் வீச்சு என்றால் மிகப்பெரிய மதிப்புக்கும் மிகச்சிறிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். இயற்பியலில் அலைக்கும் வீச்சு உண்டு. புள்ளியியல் நிரல் எழுதும் மாணவர் ‘வீச்சு’ என்ற மாறியின் வீச்சைப் பற்றிப் பேச வேண்டி வரும். ஸ்கோப்புக்கு ‘வரையெல்லை’ என்பதும் தவறில்லை, ஆனால் அது வேலியைச் சொல்கிறது, நமக்கு வேண்டியது வேலிக்குள் இருக்கும் இடம்.

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் முகப்பைத் தாண்டினால் நடுமுற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம். அதுதான் வளவு. ஓரத்தில் வரிசையாக அறைகள், மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. அறைக்குள் இருப்பவருக்கு வளவில் உள்ளதெல்லாம் எட்டும். வளவில் நிற்பவருக்குப் பூட்டிய அறைக்குள் இருப்பது எட்டாது. நிரலில் பெயரைத் தேடும் விதியும் இதேதான், உள்ளிருந்து வெளியே. அப்புறம், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே பெயர் அமைவதுண்டு. அறைக்குள்ளிருந்து அந்தப் பெயரைச் சொன்னால் அந்த அறைப் பிள்ளையைத்தான் குறிக்கும். உள்பெயர் வெளிப்பெயரை மறைப்பது என்கிறோமே, அது இதுதான்.

சொல் தாங்குகிறதா என்று ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் பார்ப்போம். ‘வார்’ (var) என்று அறிவித்த மாறிக்கு, அது இருக்கும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) முழுவதும் வளவு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் (for) சுழற்சிக்குள் அறிவித்தாலும் அங்கே அடங்காது. 0 முதல் 2 வரை ஓடும் சுழற்சியில், ஒரு ஃபங்ஷனைப் பிறகு ஓடச் செய்யும் செட்டைம்அவுட் (setTimeout) வழியாக எண்ணை அச்சிடச் சொன்னால் 3, 3, 3 என்று வரும். மூன்று ஃபங்ஷனும் பார்ப்பது ஒரே மாறியை; அவை ஓடத் தொடங்கும்போது சுழற்சி முடிந்திருக்கும். ‘வார்’-க்குப் பதிலாக 2015-இல் வந்த ‘லெட்’ (let) போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வளவு, அதனால் 0, 1, 2. பைத்தான் நிரல்மொழியில் இன்றும் ஃபார் சுழற்சிக்குத் தனி வளவு கிடையாது. சுழற்சி முடிந்த பிறகும் மாறி கடைசி மதிப்போடு நிற்கும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மாறியை, வேலை நடக்கும் மிகச் சிறிய வளவுக்குள் வையுங்கள் என்று சொன்னால் சட்டென்று புரியும்.

> செட்டிநாட்டுக்கு வெளியே இந்தச் சொல் யாருக்குத் தெரியும்?

ஈழத்தில் வீட்டைச் சுற்றியுள்ள காணியை வளவு என்பார்கள். இரண்டு ஊரிலும் அடிப்படைப் பொருள் ஒன்றே: ஒரு வீட்டுக்குச் சொந்தமான, சூழ அடைத்த இடம்.

நிரல் முழுவதும் எட்டும் குளோபல் ஸ்கோப்புக்குப் பொது வளவு, ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும் எட்டும் லோக்கல் ஸ்கோப்புக்கு உள் வளவு. சேர்ந்திருக்கும் கட்டளைத் தொகுதியான பிளாக்குக்கு, வீட்டில் இரண்டாம் கட்டு என்கிறோமே, அந்தக் ‘கட்டு’ போதும்.

குளோஷர் (தான் பிறந்த வளவின் மாறிகளைப் பிறகும் எட்டக்கூடிய ஃபங்ஷன்) என்ற சொல்தான் பாக்கி. ‘மூடல்’ எனக்குப் பிடிக்கவில்லை; ஃபங்ஷன் வெளியே போனாலும் பிறந்த வளவைக் கையோடு கொண்டுபோவதை அது சொல்லவில்லை. ‘வளவேந்தி’ சரியாக வருமா?