காப்புரிமைக்காக நுண்ணுயிரை ஒப்படைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வயல்மண்:
நெல் வயல் மண்ணில் பிரித்தெடுத்த பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு திரிபு (தனி வகை) எங்களுடையது. பாஸ்பேட்டை நன்றாகக் கரைக்கும். காப்புரிமை முகவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "சண்டிகருக்கு அனுப்பியாச்சா சார்?" அங்கேயுள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தைத்தான் சொன்னார். மரபணு வரிசை போதாதா என்றேன். போதாதாம். 16எஸ் வரிசை (பாக்டீரியாவை அடையாளம் காணப் பார்க்கும் மரபணுவின் வரிசை) பேசில்லஸ் என்று காட்டும், இதே திரிபு என்று காட்டாது. எழுத்தில் விவரித்தாலும் இன்னொருவரால் செய்ய முடியாது என்றால், உயிரோடு ஒப்படைத்தாக வேண்டும். 1977 புடாபெஸ்ட் உடன்படிக்கையே இதற்காகத்தான். இந்தியா 2001 டிசம்பரில் சேர்ந்தது. ஓரிடத்தில் ஒப்படைத்தால் உறுப்பு நாடுகள் எல்லாம் ஏற்கும். அந்த வகையில் பெரிய நிம்மதி.

அகார் கூழைச் சாய்வாக உறைய வைத்த குழாயில் வளர்த்து, வாயில் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலம் சுற்றி அனுப்பினோம். மே மாத வெயிலில் கூரியர்காரர் எங்கேயோ போட்டு வைத்துவிட்டார். போய்ச் சேர்ந்தபோது பூஞ்சை ஏறியிருந்தது. தூய்மையும் உயிர்ப்பும் பார்க்காமல் ஒப்படைப்பு எண் தரமாட்டார்கள், தரவும் கூடாது. இரண்டாவது முறை உறையுலர்த்திய குப்பிகளாக அனுப்பினோம், சிக்கல் இல்லை. ஆனால் அதுவரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. நம் சட்டப்படி தாக்கல் செய்யும் நாளுக்குள் பொருள் அங்கே போயிருக்க வேண்டும். எண்ணை மட்டும் 3 மாதத்துக்குள் விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை விளக்கும் விண்ணப்ப ஆவணம்) சேர்க்கலாம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

குப்பி ராணி:
நாங்கள் புனேவில் உள்ள சேமிப்பகத்தில் கொடுத்தோம் சார். படிவத்தைப் பார்த்து நிரப்புங்கள். எங்கள் துறையில் ஒருவர் சாதாரணச் சேமிப்புக்கான படிவத்தை எடுத்துவிட்டார். அது பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டால், கேட்பவருக்கெல்லாம் கொடுப்பார்கள். புதுமை என்று அப்புறம் எப்படி வாதாடுவது? நல்லவேளை, அனுப்பும் முன் முகவர் கண்ணில் பட்டது.

தரமணி பக்கம்:
மண் எந்த ஊர் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? பொருளின் மூலமும் எங்கே எடுத்தது என்பதும் விவரக்குறிப்பில் வர வேண்டும். தரமணியில் இருக்கிற தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் அனுமதி அல்லது பதிவு பெறும் வேலையும் தனியாக உண்டு. காப்புரிமை கைக்கு வருவதற்குள் அதை முடிக்க வேண்டும். எங்கள் கோப்பு நின்றது அங்கேதான், ஒப்படைப்பில் இல்லை.

புதுசு:
காப்புரிமை கிடைக்காவிட்டால் குப்பியைத் திரும்ப வாங்கலாமா அக்கா?

குப்பி ராணி:
முடியாதுப்பா. குறைந்தது 30 ஆண்டு வைத்திருப்பார்கள். கடைசியாக யாராவது மாதிரி கேட்ட நாளிலிருந்து 5 ஆண்டாவது இருக்க வேண்டும் என்றும் விதி. அதனால் ஒப்படைப்புக் கட்டணம் கல்லூரிக் கணக்கிலா, ஆய்வுத் திட்டக் கணக்கிலா என்று வழிகாட்டியிடம் இப்போதே கேட்டுக்கொள்.