மாமாவுக்கு நான்கு, அண்ணனுக்கு ஆறு

குழு: உச்சிப்புளி வீடு

வெள்ளி, இரவு 8.05

அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பாண்டன் டியூன்ஸ் கோல்ஃப் விடுதியில் சின்ன மாமாவுக்கும் எனக்கும் அறை உறுதியாகிவிட்டது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து வியாழன் கிளம்புகிறோம். நான்கு இரவு. எந்த நாளில் எந்த மைதானம் என்று இனி நாம்தான் சொல்ல வேண்டும். தாமதித்தால் நல்ல காலை நேரங்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மாமா, நான் போட்ட திட்டம் இதோ.

அண்ணன்: ஞாயிறு பிற்பகல் பிரிசர்வ். அது 13 குழிகள் மட்டும் உள்ள சின்ன மைதானம். திங்கள் காலை விடுதியின் பெயரிலேயே உள்ள பாண்டன் டியூன்ஸ் மைதானம், பிற்பகல் பசிபிக் டியூன்ஸ். செவ்வாய் காலை பாண்டன் டிரெய்ல்ஸ், பிற்பகல் ஓல்ட் மெக்டொனால்ட். புதன் காலை ஷீப் ராஞ்ச். பெரிய மைதானம் ஐந்தும் ஒவ்வொரு தடவை. எதற்கும் மனக்குறை இல்லை.

அம்மா: மைதானத்துக்கு என்ன மனக்குறை வரும்? நீ காலையில் சாப்பிட்டாயா?

சித்தப்பா: ஒரே விடுதிக்கு ஐந்து மைதானமா? நம் ஊரில் ஒரு பள்ளிக்கு ஒரு மைதானம் இல்லை.

அண்ணன்: ஒரே நாளில் வந்ததில்லை சித்தப்பா. 1999-இல் முதல் மைதானம். பிறகு 2001, 2005, 2010, கடைசியாக 2020. போர்ட்லாந்திலிருந்து தெற்கே ஐந்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஓரிகன் கடற்கரை. மணல்மேடு, காற்று, அதற்குக் கீழே பசிபிக்.

சித்தப்பா: அமைதியான பெண்கடலா, சீறுகிற ஆண்கடலா?

அண்ணன்: ஆண்கடல்தான். பன்னிரண்டு மாதமும்.

பெரியப்பா: மணல்மேட்டையும் காற்றையும் பார்ப்பதற்கு அமெரிக்கா போக வேண்டுமா? தனுஷ்கோடிக்கு பஸ் இருக்கிறது.

அத்தை: தம்பி, உன் மாமாவின் வலது முழங்கால் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் என்றால் எவ்வளவு நடை?

அண்ணன்: ஒரு ரவுண்டுக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் அத்தை.

அத்தை: அப்படியானால் இருபது. வண்டி தருவார்கள்தானே? தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன், வெள்ளை நிறத்தில் சின்ன வண்டி.

அண்ணன்: இங்கே கிடையாது. எல்லோரும் நடக்க வேண்டும் என்பதுதான் அந்த விடுதியின் விதி. உடல் குறைபாட்டுக்கு மருத்துவச் சான்று கொடுத்தால் மட்டும் விலக்கு உண்டு.

அத்தை: நாளைக்கே சான்றிதழ் வாங்கி வருகிறேன்.

சின்ன மாமா: யாரும் எனக்காகச் சான்றிதழ் வாங்க வேண்டாம். கப்பலில் முப்பது வருடம் நின்ற கால்.

அத்தை: நின்ற கால்தான். நடந்த கால் இல்லை.

அப்பா: சரி.

நான்: அப்பா எதற்குச் சரி சொல்கிறார் என்று யாராவது சொல்லுங்கள்.

சனி, காலை 7.10

சின்ன மாமா: மருமகனே, இரவு முழுக்க உன் திட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அரசு அதிகாரி தொகுதி நிதியைப் பங்கிட்டது போல இருக்கிறது. எல்லாருக்கும் சமம், ஆனால் எங்கேயும் வேலை முடியாது.

நான் சொல்வதைக் கேள். அங்கே ஆடுவது ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல்லில். அடியில் மணல் இருப்பதால் தரை இறுகிக் கிடக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காது, சரிவு பார்த்து உருண்டு போகும். விசாகப்பட்டினத்தில் நான் பழகியது போல உயரத் தூக்கி அடித்தால் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். காற்றுக்கு அடியில் தாழ்வாக அடித்து, தரையில் ஓடவிட்டுத்தான் குழியில் நட்ட கொடிக்குப் போக வேண்டும். எந்த மேட்டில் விழுந்தால் எந்தப் பக்கம் உருளும் என்பது முதல் ரவுண்டில் எனக்குத் தெரியாது. நான்கு மணி நேரமும் மட்டைப் பை தூக்கி வந்து வழி சொல்கிற கேடி காட்டும் இடத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருப்பேன். பாம்பன் கால்வாயில் முதல் தடவை கப்பல் போவது வரைபடத்தைப் பார்த்து. இரண்டாவது தடவைதான் தண்ணீரைப் பார்த்து. எனக்கு அந்த இரண்டாவது தடவை வேண்டும். ஐந்தையும் ஒவ்வொரு தடவை ஆடினால் ஐந்தும் எனக்கு முதல் தடவைதான்.

அண்ணன்: அப்படியானால் ஒன்றை விட்டுவிட வேண்டும் மாமா. அவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா?

பெரியப்பா: பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது மச்சான். டிக்கெட் விலை என்ன, சும்மாவா?

அண்ணன்: இன்னொன்றும் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டாவது ரவுண்டுக்குப் பாதிக் கட்டணம்.

பெரியப்பா: ஆடித் தள்ளுபடி அங்கேயும் உண்டா!

சின்ன மாமா: தள்ளுபடிக்காக முழங்காலை விற்க முடியாது அத்தான்.

நான்: அப்பத்தா பக்கத்தில் இருக்கிறார். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் சொல்வதை எழுதுகிறேன்: "தை மாதம் கோயம்புத்தூர்ச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் போய் 22 கிணற்றுத் தண்ணீரையும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஈரமாக இருந்தது என்றார்கள். ராசா, உன் மாமாவை ஈரத்துணியோடு ஓடவிடாதே."

சித்தப்பா: 😂 அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அண்ணன்: அப்பத்தா, அவர்கள் 22-ம் பார்த்துவிட்டார்கள் அல்லவா?

நான்: "நான் 60 வருடமாக அந்த 22-இல் கோடி தீர்த்தம் ஒன்றோடு திரும்பி வருகிறேன். எனக்கு என்ன குறை?" என்கிறார். இப்போது தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டார்.

சித்தப்பா: தீர்த்தம் இருக்கட்டும். காற்றை யாரும் கேட்கவில்லையே. பழைய பாம்பன் பாலத்தில் அப்போதெல்லாம் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும், ரயில் மண்டபத்தில் நிற்கும். எத்தனை இரவு பயணிகளிடம் வசை வாங்கியிருக்கிறேன்! அங்கே காற்று எந்தப் பக்கம், எப்போது ஏறும்?

அண்ணன்: கோடையில் வடக்கிலிருந்து, குளிர்காலத்தில் தெற்கிலிருந்து. செப்டம்பரில் பெரும்பாலும் வடக்குதான். காலையில் அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் ஏறும்.

பெரியப்பா: நமக்கு நேர்மாறு. இங்கே கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான், ஐப்பசிக்கு மேல்தான் வடக்கிலிருந்து வாடை.

சித்தப்பா: அப்படியானால் திட்டம் எளிது. கடலோரத்தில் அம்மணமாக நிற்கிற மைதானத்தைக் காலையில் வை. மரத்தடியில் இருப்பதை மதியத்துக்கு வை. மரம் உள்ளது ஏதாவது உண்டா?

அண்ணன்: டிரெய்ல்ஸ். அது மணல்மேட்டில் தொடங்கிக் காட்டுக்குள் போய், மறுபடி மணல்மேட்டுக்கு வந்து முடியும். கடலோரமாகப் போகாதது அது ஒன்றுதான்.

சித்தப்பா: நெய்தலில் புறப்பட்டு முல்லையில் நுழைந்து நெய்தலுக்குத் திரும்புகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சின்ன மாமா: நீங்கள் ஆடப் போவதில்லை அத்தான்.

சித்தப்பா: கருத்துச் சொல்லக் கட்டணம் இல்லையே.

அண்ணன்: நீங்கள் சொன்ன அம்மணம் என்பது ஷீப் ராஞ்சுக்குத்தான் பொருந்தும். பாறை விளிம்பில் மட்டும் ஒன்பது கிரீன், அதாவது குழி இருக்கும் புல்தரை. பந்தைச் சிக்கவைக்கிற மணல் பள்ளமான பங்கர் ஒன்றுகூட இல்லை. அந்தக் காற்றில் மணல் தங்காது என்று வெட்டவே இல்லையாம். படத்தில் பார்த்தாலே அடிவயிறு கலங்குகிறது. அதை என்னால் விட முடியாது மாமா.

சின்ன மாமா: என்னால் பசிபிக் டியூன்ஸை விட முடியாது. கடைசி ஒன்பது குழிகளின் வரிசையைப் பார்த்தாயா? வழக்கமான மைதானத்தில் பார்-4 குழிகள்தான் அதிகம் இருக்கும். இங்கே ஒன்பதில் நான்கு பார்-3, மூன்று பார்-5, பார்-4 இரண்டே இரண்டு. பத்தாவதும் பதினொன்றாவதும் அடுத்தடுத்து பார்-3, இரண்டும் கடலைப் பார்த்தபடி. வடிவமைத்தவர் டாம் டோக். கணக்குக்காகக் குழி வெட்டாமல், நிலம் கொடுத்த இடத்தில் வெட்டியிருக்கிறார். அப்படி ஒரு ஆளை ஒரு தடவை பார்த்துக் கைகுலுக்கிவிட்டு வந்துவிட முடியுமா?

அம்மா: பார் என்றால் என்ன தம்பி? குடிக்கிற இடமா?

சின்ன மாமா: இல்லை அக்கா. நன்றாக ஆடுகிறவர் பந்தைக் குழியில் போட எத்தனை அடி எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. பார்-3 என்றால் மூன்று அடி.

அம்மா: நீ எத்தனை அடி எடுப்பாய்?

சின்ன மாமா: அது காற்றைப் பொறுத்தது.

அத்தை: ஐந்து.

நான்: அங்கே பந்து தொலைந்தால் என்ன ஆகும்? கடலில் விழுமா?

சின்ன மாமா: கடலில் விழுந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். முட்புதரில் விழுந்தால்தான் வம்பு. கோர்ஸ் என்று மஞ்சள் பூப்பூக்கிற முள்செடி. அயர்லாந்தின் பாண்டன் ஊரிலிருந்து வந்து 1873-இல் அங்கே குடியேறிய ஜார்ஜ் பென்னட் என்பவர், ஊர்ப் பெயரோடு இந்தச் செடியையும் கொண்டு வந்துவிட்டார். பரவிப் பரவி ஊரைச் சுற்றிக்கொண்டது. எண்ணெய்ப் பசை உள்ள செடி. 1936 செப்டம்பரில் காட்டுத்தீ வந்தபோது இதைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் இறங்கியது. பாண்டன் நகரமே எரிந்துபோனது.

பெரியப்பா: அப்படியானால் அது நம் சீமைக்கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நம்முடையது பரவாயில்லை, கரிமூட்டம் போட்டால் நாலு குடும்பம் பிழைக்கிறது.

அம்மா: ஊறுகாய் கொடுத்து அனுப்பட்டுமா? நெத்திலிக் கருவாடு கொண்டு போகலாமா?

அண்ணன்: கருவாடு வேண்டாம் அம்மா. விமான நிலையத்தில் மாமாவைத் தனி அறைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

ஞாயிறு, காலை 7.40

பெரியப்பா: நேற்று ராத்திரி யோசித்தேன். பாக்கு நீரிணையில் நாங்கள் எப்படித் தொழில் செய்கிறோம்? விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். இரண்டும் ஒரே நாளில் போனால் வலை அறும், சண்டை வரும். இங்கே நம் பையன் விசைப்படகு, மச்சான் நாட்டுப்படகு. இருவரையும் ஒரே கயிற்றில் ஏன் கட்டுகிறீர்கள்?

நான்: பெரியப்பா 👏👏

அத்தை: நாட்டுப்படகு என்பது சரியான சொல். ஒரு பக்கம் பழுது.

அண்ணன்: அதாவது மாமா ஒரு நாளைக்கு ஒன்று. நான் சில நாள் இரண்டு. சேர்ந்து ஆட வேண்டியதைச் சேர்ந்து ஆடுவோம், மற்றதை நான் தனியாக ஆடிக்கொள்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லையே.

சின்ன மாமா: எனக்கும் தோன்றவில்லை. உன்னைத் தனியே விட்டால் அக்கா என்ன சொல்வாளோ என்று இருந்தேன்.

அம்மா: அவனுக்கு 31 வயது.

அண்ணன்: அப்படியானால் இப்படி. ஞாயிறு பிற்பகல் இருவரும் பிரிசர்வ். தூரப் பயணத்தில் இறுகிய கால் இளகட்டும். திங்கள் காலை இருவரும் பசிபிக் டியூன்ஸ், மதியத்துக்கு மேல் நான் மட்டும் ஷீப் ராஞ்ச்.

சித்தப்பா: அதை மதியத்தில் வைக்காதே என்று சொன்னேனே.

அண்ணன்: தெரியும் சித்தப்பா. காற்றோடு ஒருமுறை மோதிப் பார்க்கத்தான் வைத்திருக்கிறேன். அங்கே நான் எண்ணிக்கை எழுதப் போவதில்லை.

அண்ணன்: செவ்வாய் காலை இருவரும் பாண்டன் டியூன்ஸ். மாலையில் பஞ்ச்பௌல். அது பந்தை உருட்டி மட்டும் ஆடுகிற பெரிய புல்வெளி, நடையே இல்லை. புதன் காலை நான் ஓல்ட் மெக்டொனால்ட், மாமா தூங்கலாம். பிற்பகல் இருவரும் டிரெய்ல்ஸ், மரத்தடியில். வியாழன் விடிந்ததும் மறுபடி பசிபிக் டியூன்ஸ், அது முடிந்து நேரே கார். பெரிய மைதானங்களில் மாமாவுக்கு நான்கு ரவுண்டு, எனக்கு ஆறு.

பெரியப்பா: திங்கள், புதன் இரட்டை! ராமேஸ்வரம் விசைப்படகு நாளேதான். சனிக்கிழமைக்கு மட்டும் ஊர் திரும்பிவிடுகிறீர்கள்.

சின்ன மாமா: முதல் நாளும் கடைசி நாளும் ஒரே மைதானம். நடுவில் இரண்டு நாள் ஊறப்போட்டு வைப்பது. இதைவிட நன்றாக என்னால் போட்டிருக்க முடியாது. ஓல்ட் மெக்டொனால்டை மட்டும் நீ பார்த்து வந்து எனக்குச் சொல். அதன் கிரீன்கள் பிரம்மாண்டமாம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் காலடி வைத்து அளந்து வா.

அண்ணன்: வியாழன் ரவுண்டுக்கு அப்புறம் ஐந்து மணி நேரம் காரில் உட்கார முடியுமா மாமா? அதுதான் எனக்குப் பயம்.

சின்ன மாமா: வழியில் இரண்டு இடத்தில் நிறுத்து.

அத்தை: நான்கு இடத்தில் நிறுத்து தம்பி. தைலம் வைத்து அனுப்புகிறேன்.

அப்பா: சரி.

நான்: அப்பத்தா கேட்கிறார், ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று மாமா உண்மையில் சொல்லிவிட்டாரா என்று.

சின்ன மாமா: ஒன்றல்ல, இரண்டை விட்டுவிட்டேன் என்று சொல்.

நான்: "கெட்டிக்காரன்" என்கிறார்.

ஞாயிறு, மாலை 6.40

அண்ணன்: எல்லா நேரமும் கிடைத்துவிட்டது. வியாழன் காலை மட்டும் நாம் கேட்டதற்கு அரை மணி தாமதம். மாமா, பார்த்தீர்களா?

அண்ணன்: மாமா?

நான்: மாமா மதியத்திலிருந்து குழுவில் இல்லை. அத்தை, எங்கே போனார்?

அத்தை: தாழ்வாக அடித்துப் பழக வேண்டும் என்று அரியமான் கடற்கரைக்குப் போனார். எட்டு பந்து எடுத்துக்கொண்டு போனார். இப்போதுதான் வந்தார், கையில் மூன்று இருக்கிறது. மற்ற ஐந்தும் கருவேலத்துக்குள் போய்விட்டதாம். சட்டையிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் பதில் எழுதச் சொல்கிறேன்.