அவசரம்: ஜெர்மனியில் மாணவர் ஹெல்த் இன்சூரன்ஸ், பப்ளிக்கா பிரைவேட்டா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்

வேலூர்_சாக்சனி
எல்லாருக்கும் வணக்கம். மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கேன். விசா நேரத்துல கன்சல்டன்சிக்காரங்க பிளாக்டு அக்கவுன்ட்டோட (விசாவுக்காக செலவுப் பணத்தைப் போட்டு வைக்கிற கணக்கு) சேர்த்து ஒரு பிரைவேட் இன்சூரன்ஸும் போட்டுக் கொடுத்தாங்க, மாசம் 35 யூரோ. இப்ப யுனிவர்சிட்டில அது செல்லாது, இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட இருந்து 'எம்10'ங்கிற காப்பீட்டுத் தகவல் வரணும்னு மெயில் போட்டிருக்காங்க. கன்சல்டன்சில கேட்டா, "பப்ளிக் வேண்டாம்னு விலக்கு வாங்கிக்கலாம், பாரம் அனுப்புறோம், கையெழுத்துப் போடுங்க"ங்கிறாங்க. பப்ளிக்னா, அதாவது சட்டப்படியான பொதுக் காப்பீடுன்னா, மாசம் 140 யூரோவுக்கு மேலயாம். வீட்டுல லோன் போட்டு அனுப்பியிருக்காங்க. வெள்ளிக்கிழமையோட என்ரோல்மென்ட் முடியுது. ராத்திரி தூக்கமே இல்ல. கையெழுத்துப் போடலாமா?

பெர்லின்_மதுரைக்காரன்
முதல்ல பயப்படாதீங்க தம்பி. நான் வந்தப்ப நிலைமை இதைவிட மோசம். ரூம் கிடைக்கல, ரூம் இல்லாம அன்மெல்டுங் (விலாசப் பதிவு) பண்ண முடியல, அது இல்லாம பேங்க் அக்கவுன்ட் திறக்க முடியல. ஒரு நண்பரோட ரூம்ல தரையில படுத்துக்கிட்டு, டிசம்பர் குளிர்ல வீடு பார்க்க அலைஞ்சேன். அதனால சொல்றேன், முதல்ல அன்மெல்டுங்கை முடிங்க. நல்ல குளிர் ஜாக்கெட் வாங்குங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும்.

ஆஹன்_கோவை
அவர் கேட்டது இன்சூரன்ஸ் பத்தி. பிரைவேட்ல இருங்க ப்ரோ, கணக்கு போட்டுப் பாருங்க. மாசம் 100 யூரோக்கு மேல மிச்சம், ரெண்டு வருஷத்துல 2,400 யூரோ தாண்டும். நான் படிச்ச காலம் முழுக்க பிரைவேட்தான், டாக்டர் வாசப்படியே மிதிக்கல.

டோர்ட்முண்ட்_அக்கா
தம்பி, அந்தப் பாரத்தில கையெழுத்து வைக்காதேங்கோ. வருத்தம், நோய் வராத ஆளுக்கு எந்தக் காப்புறுதியும் நல்ல காப்புறுதிதான். எங்கட மேல்வீட்டில வாடகைக்கு இருந்த பெடியன் ஒருத்தன் மலிவான பிரைவேட் எடுத்து வைச்சிருந்தவன். சிறுநீரகத்தில கல்லு எண்டு இரவோடிரவா ஆஸ்பத்திரியில சேர்த்தம். பிறகு, "இது நீ ஜெர்மனிக்கு வர முந்தியே இருந்த வருத்தம்" எண்டு சொல்லி அவங்கள் காசு தர மறுத்திட்டாங்கள். பில் நேரா அவன்ர பெயருக்குத்தான் வந்தது. தவணை போட்டுக் கட்டி முடிக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும்.
நீங்கள் வயசைச் சொல்லேல்லையே? என்ன மருந்து எடுக்கிறனீங்கள்? அதைத் தெரியாமல் ஒருத்தரும் சரியான மறுமொழி சொல்ல ஏலாது.

ஸ்டுட்கார்ட்_திருச்சி
பப்ளிக்ல மட்டும் என்ன கிழிக்கிறாங்க? மாசாமாசம் சரியா பிடிச்சுடுறாங்க. தோல் டாக்டரைப் பார்க்க மூணு மாசம் கழிச்சுதான் டெர்மின், அதான் அப்பாயின்ட்மென்ட். காய்ச்சல்னு போனா, "இஞ்சி டீ குடி, நல்லா தூங்கு"ன்னு அனுப்பி வைக்கிறாங்க. ஊர்ல 300 ரூபா கொடுத்தா அன்னிக்கே ஊசி, மாத்திரை எல்லாம் ஆயிடும்.

பெர்லின்_மதுரைக்காரன்
உண்மை. பல் டாக்டர் கதையை ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது. கண்ணாடி செலவும் நம்ம கைக்காசுதான்.

டிரெஸ்டன்_நெல்லை
டெர்மின் பத்தின வருத்தம் எனக்கும் உண்டு. 116117ங்கிற போன் நம்பர்ல கேட்டா ஸ்பெஷலிஸ்ட் டெர்மின் பிடிச்சுத் தருவாங்க, அதையும் முயற்சி பண்ணுங்க. ஆனா இந்தத் தம்பிக்கு வெள்ளிக்கிழமை கெடு இருக்கு. அதைப் பார்ப்போம்.
தம்பி, அந்தப் பாரம் சாதாரணப் பாரம் இல்ல. பப்ளிக்ல இருந்து ஒருதடவை விலக்கு வாங்கிட்டா படிப்பு முடியற வரைக்கும் அதைத் திரும்பப் பெற முடியாது. பிடிக்கலேன்னா அடுத்த செமஸ்டர்ல மாறிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. விலக்கு கேட்கவே மூணு மாசம் அவகாசம் இருக்கு, அதனால இந்த வாரமே கையெழுத்துப் போடணும்ங்கிற அவசரம் உங்களுக்கு இல்ல.
இன்னொண்ணு, விசாவுக்காகப் போடுற மலிவான பிரைவேட் பாலிசி பெரும்பாலும் பயணக் காப்பீடு மாதிரிதான். ரெசிடென்ஸ் பெர்மிட் புதுப்பிக்கப் போகும்போது வெளிநாட்டினர் அலுவலகத்துல அதை ஏத்துக்காம போகலாம்.
வயசு, படிப்பு ரெண்டையும் சொல்லுங்க. லாங்குவேஜ் கோர்ஸ் மட்டும்னா மாணவர் கட்டணத்துல பப்ளிக்ல சேர முடியாது, பேச்சே வேற.

வேலூர்_சாக்சனி
நன்றி அக்கா. நேரடி மாஸ்டர்ஸ்தான், ரெகுலர் அட்மிஷன். வயசு 29, பிப்ரவரியில 30 முடியுது. தைராய்டுக்கு தினமும் மாத்திரை எடுக்கிறேன். சொல்ல மறந்துட்டேன், ஏப்ரல்ல மனைவி வர்றாங்க.

ஆஹன்_கோவை
ஓ, இதை முதல்லயே சொல்லியிருக்கணும் ப்ரோ. அப்படின்னா நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. பப்ளிக் போங்க.

டோர்ட்முண்ட்_அக்கா
பாத்தீங்களே! மனிசியும் வாறா எண்டால் யோசிக்கவே தேவையில்லை. அவவுக்கு வருமானம் இல்லாட்டி உங்கட பப்ளிக்கிலேயே சேர்க்கலாம், தனிக் காசு இல்லை. பிரைவேட் எண்டால் அவவுக்கும் தனியாக் கட்டவேணும். மலிவான பாலிசிகளில பிள்ளைப்பேறு எண்டு வந்தால் காத்திருப்புக் காலம் எண்டு சொல்லி இழுப்பாங்கள்.

டிரெஸ்டன்_நெல்லை
அப்ப தெளிவா சொல்றேன். மாணவர் கட்டணம், 30 வயசு முடியற செமஸ்டரோட கடைசி வரைக்கும் உண்டு. உங்களுக்கு அது மார்ச் 31. அதுவரை மாசம் 140-150 யூரோ ஆகும். அதுக்கப்புறம் அதே கம்பெனியில தன்விருப்ப உறுப்பினரா தொடரலாம், மாசம் 250 யூரோவுக்கு மேல வரும். கூடுதல்தான், மறைக்கல. ஆனா 30 தாண்டின பிறகு வெளியில இருந்து பப்ளிக்குள்ள நுழையறது, ஒழுங்கான வேலை கிடைக்கற வரைக்கும் அனேகமா முடியாது. இப்ப உள்ளே இருந்தாதான் அந்தக் கதவு திறந்திருக்கும். தைராய்டு பத்தி அவங்க ஒரு கேள்வியும் கேட்க மாட்டாங்க, சேர்த்துக்கிட்டே ஆகணும். மாத்திரைக்கு ஒரு பாக்கெட்டுக்கு 5லிருந்து 10 யூரோ வரை நீங்க கட்டுவீங்க, மிச்சம் அவங்களோடது.
இன்னிக்கே டிகே, ஏஓகே, பார்மர், டிஏகேன்னு இருக்கிற பப்ளிக் கம்பெனிகள்ல ஏதாவது ஒண்ணோட வெப்சைட்ல மாணவர் பாரத்தை நிரப்புங்க. அட்மிஷன் லெட்டர், பாஸ்போர்ட், விலாசம் போதும். எம்10ஐ அவங்களே யுனிவர்சிட்டிக்கு ஆன்லைன்ல அனுப்புவாங்க, நீங்க பேப்பர் தூக்கிட்டு அலைய வேண்டாம். பாரம் அனுப்பின கையோட போன் பண்ணி "வெள்ளிக்கிழமை கெடு"ன்னு சொல்லுங்க, இங்கிலீஷ்லயே பேசுவாங்க. யுனிவர்சிட்டி அட்மிஷன் ஆபீஸுக்கும் ஒரு மெயில் போட்டு, விண்ணப்பிச்சாச்சு, எம்10 வந்துட்டிருக்குன்னு எழுதி வெச்சுடுங்க.
பிரைவேட்டை உடனே ரத்து பண்ணாதீங்க. பப்ளிக் எந்தத் தேதியில இருந்து ஆரம்பிக்குதுன்னு கடிதம் கையில வந்ததும், அதைக் காட்டி மீதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்க. மாசத் தொகை அக்கவுன்ட்ல இருந்து தானா போற மாதிரி போட்டுடுங்க. பாக்கி விழுந்தா அடுத்த செமஸ்டர் பதிவையே நிறுத்துவாங்க.
பாரத்துல எங்கயாவது தட்டுச்சுன்னா இங்கேயே எழுதுங்க, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நான் முழிச்சுதான் இருப்பேன்.