புதுப்பிப்பு: காக்டீலுக்கு மருந்தைத் தண்ணீரில் கலக்கலாமா?

எங்கள் காக்டீலுக்கு (சின்னக் கிளி வகை) மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, மருத்துவரிடம் காட்டியாயிற்று. கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்று, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்.

நோயுற்ற பறவை சரியாகத் தண்ணீர் குடிக்காது, மருந்து எவ்வளவு உள்ளே போனதென்றும் தெரியாது. அதனால் கிராம் தராசில் எடை பார்த்து, அதற்கேற்ற அளவை ஊசியில்லாத சிரிஞ்சில் அலகோரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறோம். 90 கிராம் உடம்புக்கு ஒரு சொட்டு கூடினாலும் பெரிய வித்தியாசம்.

பறவை கொறிப்பதற்காகக் கூண்டில் வைத்திருந்த கணவாய் மீனின் ஓட்டையும் எடுக்கச் சொன்னார். அதிலுள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு, குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகவிடாதாம். பறவை வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்!

இப்போது தினையைக் கொறிக்கிறது, எச்சத்தில் பச்சை குறைந்திருக்கிறது. ஆனாலும் வழக்கமான 45 நாளும் கொடுத்தே தீருவேன். அப்புறம், இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தை நனைத்துவிட்டு, முகக்கவசத்தோடு துடையுங்கள்.