பழைய எஃப்7 ரயில் மாதிரிக்குப் பற்சக்கரம் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் சான்டா ஃபே ரயில்வே ஓட்டிய எஃப்7 டீசல்-மின்சார என்ஜினின் பழைய மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது. எச்ஓ அளவு, அதாவது 1:87 (நிஜ என்ஜினில் 87இல் ஒரு பங்கு). சிவப்பு முகப்பு, வெள்ளி உடல், இடையே மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள். இத்தனை அழகான வண்ணப்பூச்சு வேறு எந்த என்ஜினுக்கும் வாய்க்கவில்லை என்பேன்.

மோட்டார் சீராகச் சுழல்கிறது. ஆனால் தண்டவாளத்தில் வைத்தால், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று தட்டி, வண்டி நொண்டுகிறது. சக்கரங்களைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின் அச்சின் பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் மயிரிழை விரிசல். அந்த இடத்தில் இரு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கிறது. பசை போட்டு ஒட்டினால் தாங்காது, அச்சின் இறுக்கம் மறுபடியும் பிளந்துவிடும்.

1949 முதல் 1953 வரை தயாரான நிஜ எஃப்7இல் 1500 குதிரைத்திறன் டீசல் என்ஜின் ஜெனரேட்டரைச் சுழற்றும். நான்கு அச்சுகளுக்கும் தனித்தனி மோட்டார். என் மாதிரியில் ஒரே மோட்டார்தான். எல்லா அச்சுகளுக்கும் பற்சக்கரம் வழியாகவே விசை போக வேண்டும்.

இதற்கு மாற்றுப் பற்சக்கரம் இந்தியாவில் எங்கே கிடைக்கும்? முப்பரிமாண அச்சுப்பொறியில் (3டி பிரிண்டர்) நைலானில் செய்து பார்த்தவர்கள் உண்டா, உழைக்கிறதா? பழைய கிரீஸும் இறுகிக் கிடக்கிறது. பிளாஸ்டிக்கை அரிக்காத கிரீஸ் எது என்றும் சொல்லுங்கள். பற்களின் எண்ணிக்கை, அச்சின் விட்டம் எல்லாம் அளந்து வைத்திருக்கிறேன், கேட்டால் உடனே அனுப்புகிறேன்.