சூளைமேட்டை விட்டுப் படூருக்குப் போகலாமா?

கேள்வி – சங்கரன்கோவில்காரன்

11 வருடமாகச் சென்னை சூளைமேட்டில் ஒரு பெட்ரூம் போர்ஷனில் இருக்கிறோம். இப்போது எனக்கு வேலை சிறுசேரி சிப்காட்டில். பைக்கில் போக வர 60 கிலோமீட்டர். ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ வேலை நடப்பதால் போவதற்கே ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகிற நாளும் உண்டு. சிறுசேரி பக்கத்துப் படூரில் இதே வாடகைக்கு இரண்டு பெட்ரூம், லிஃப்ட்டோடு கிடைக்கிறது.

ஆனால் வந்த புதிதில் வீட்டுக்காரர் 10 மாத அட்வான்ஸ் கேட்டபோது, தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி "நம்ம பையன், நான் பொறுப்பு" என்றார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். 4 மாத அட்வான்ஸோடு முடிந்தது. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரி வரும் நேரம் நாங்கள் இருவரும் வேலையில் இருப்போம். கீழ்வீட்டு அக்கா எங்கள் குடங்களையும் வரிசையில் வைத்துவிடுவார். இன்றைக்கும் மகள் பள்ளி விட்டதும் ஏறுவது அவர் வீட்டுப் படிதான். "அந்த அக்காவையும் சாமானோட ஏத்திட்டு வந்தீங்கன்னா நானும் வர்றேன்" என்கிறாள் மனைவி. அங்கே குடிபோனவர்கள் சொல்லுங்கள்.

பதில் – படூர்வாசி

போய் இரண்டு வருடம் ஆகிறது. எதிர்வீட்டுக்காரர் பெயரே பார்க்கிங் சண்டையில் வாட்ஸ்அப் குழு மூலம்தான் தெரிந்தது. பையனை டேகேரில் விடுகிறோம், பெட்ரோலில் மிச்சமானது அங்கே போகிறது. இங்கேயும் தண்ணீர் லாரிதான், வரிசை மட்டும் இல்லை. அட்வான்ஸ் 10 மாதம் கேட்டால் 2017 வாடகைச் சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் 3 மாதம்தான். எங்களுக்கு 6-ல் நின்றது.

பதில் – பழைய மேன்ஷன்வாசி

திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஊர்க்காரர்களோடு ஆறு வருடம் இருந்தேன். அறையும் முதல் வேலையும் அவர்கள் தயவு, மறுக்கவில்லை. என் சம்பளம் எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும், அது வேறு கதை. அந்த அண்ணாச்சி உங்களை "நம்ம பையன்" என்றது எதைப் பார்த்து? என் கூட இருந்தவன் கல்யாணமாகி வீடு தேடியபோது, ஊர்க்காரர்தானே என்று ஒருவரிடம் போனான். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். அப்புறம் வீடு காலியில்லை என்றார். முன்பின் தெரியாத புரோக்கர்தான் கடைசியில் அவனுக்கு வீடு பிடித்துக் கொடுத்தார்.

சங்கரன்கோவில்காரன்

சுருக்கென்று இருக்கிறது. அண்ணாச்சி அன்றைக்கு என் அப்பா பெயரையும் தெருவையும் கேட்டுவிட்டுத்தான் பேசினார். இத்தனை வருடம் அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அக்கா எதுவும் கேட்டதில்லை. மகள் ஏப்ரலில் ஐந்தாவது முடிக்கிறாள், அதுவரை பைக்தான்.